அப்பாவின் கோபம் தணியும் விதம்

"எவ்வளவோ சொல்லிவிட்டேன், காதில் போட்டுக்கொள்வதே இல்லை." குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக நான் அதிகம் கேட்கும் முறையீடு இது. சொல்பவர் பெரும்பாலும் அப்பா. பிள்ளையிடம் தனியாகப் பேசிப் பார்த்தால், அது அப்பாவை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்துவைத்திருக்கிறது என்பது தெரியும். ஆனால் அவருடைய அறிவுரைகளைப் பற்றி அது வாயே திறக்காது.

"அப்பா சாவியை வைக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்" என்றாள் ஒரு சிறுமி. மெதுவாக வைத்தால் பள்ளியில் நடந்ததைச் சொல்லலாம். மேசையில் வீசினால் புத்தகத்தை விரித்துக்கொண்டு படிப்பதுபோல் உட்கார்ந்துவிட வேண்டும். தம்பிக்கும் அவள்தான் கண்ஜாடை காட்டுவாளாம். அந்த அப்பா கொடுமைக்காரர் அல்லர். உழைப்பாளி, பொறுமையைப் பற்றிப் பிள்ளைகளிடம் அடிக்கடி பேசுபவர். பிள்ளைகள் கற்றுக்கொண்டதோ வேறு: பெரியவர் கோபத்தைக் காட்டலாம், சிறியவர் ஒதுங்கிப்போக வேண்டும். தம்பி பள்ளியில் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளை அடிக்கிறான் என்ற புகாரோடுதான் அவர்கள் வந்திருந்தார்கள்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். ஏறத்தாழ 3 முதல் 6 வயதுக்குள் இருந்த 72 குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினர், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை உதைத்து, சுத்தியலால் அடித்து, திட்டுவதைப் பார்த்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் நல்ல விளையாட்டுப் பொருட்களைக் காட்டி, விளையாடத் தொடங்கியதும் அவற்றைத் தடுத்து எரிச்சலூட்டினார்கள். அடுத்து அதேபோன்ற பொம்மை இருந்த அறைக்கு அழைத்துச் சென்றபோது, பல குழந்தைகள் பார்த்த அடியை அப்படியே அடித்தார்கள். கேட்ட வார்த்தைகளையும் சொன்னார்கள். அடித்தவர் ஆணாக இருந்தபோது ஆண் குழந்தைகள் இன்னும் அதிகமாக அடித்தார்கள். யாரும் அவர்களுக்கு எதையும் கற்பிக்கவில்லை. எரிச்சல் வந்த நேரத்தில், கண்ணால் கண்டது கைக்கு வந்துவிட்டது.

இதற்காகக் கோபமே படாதீர்கள் என்று நான் எந்த அப்பாவிடமும் சொல்வதில்லை. அது நடக்காத காரியம். கோபத்தையே பார்க்காமல் வளரும் பிள்ளைக்கு அதைக் கையாளவும் தெரியாது. கோபம் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. பெற்றோரின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மார்க் கம்மிங்ஸ் கண்டறிந்தது, சண்டை தீர்ந்துபோனதைப் பார்க்கும் பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைகிறது என்பது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு எதிரே சண்டை, அவர்கள் தூங்கிய பிறகு சமாதானம். பிள்ளை பாதிக் கதையோடு தூங்கப் போகிறது. "நானும் அம்மாவும் பேசிச் சரிசெய்துவிட்டோம்" என்று காலையில் ஒரு வரி சொன்னால்கூடப் போதும்.

பிள்ளையிடமே கத்திவிட்டால்? மன்னிப்புக் கேளுங்கள் என்பேன். "அப்புறம் என்னை மதிப்பானா?" என்று உடனே கேட்பார்கள். என் அனுபவத்தில் மதிப்பு கூடியதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் பலர் கேட்பது மன்னிப்பே அல்ல. "கத்தினது தப்புதான், ஆனால் நீ ஏன் அப்படிச் செய்தாய்?" என்னும்போது பழி பிள்ளையின் தலைக்கே திரும்பிவிடுகிறது. "நான் கத்தியிருக்கக் கூடாது. நீ பயந்துவிட்டாய். மன்னித்துக்கொள்." இவ்வளவுதான். பிள்ளையின் தவறைப் பற்றி வேறொரு வேளையில் பேசிக்கொள்ளலாம். மன்னிப்புக்குப் பதிலாகப் பரிசு வாங்கித் தருவதையும் நான் ஏற்பதில்லை. என்ன நடந்தது என்பது பேசப்படாமலே போய்விடும்.

அப்பா இல்லாத வீட்டில் தாத்தாவையோ மாமாவையோ பிள்ளை இதே கண்ணோடு கவனிக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் அடிதடி நடக்கிறது, அல்லது குடித்துவிட்டு மிரட்டுவது வழக்கமாகிவிட்டது என்றால், மேலே சொன்ன மன்னிப்பு அதற்கு மருந்தாகாது. அங்கே பிள்ளையின், தாயின் பாதுகாப்புதான் முதல் வேலை. நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவது, மருத்துவக் காரணம் புலப்படாத வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது ஆகியவற்றைக் கண்டால் அடம் என்று ஒதுக்காதீர்கள். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் நடப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மனநல ஆலோசகரிடம் அனுப்பினால், முதல் சந்திப்புக்கு அப்பாவும் வர வேண்டும்.