ஃபோல்கஸ்: ஒட்டடைச் சிலந்தியின் பெயர்க்கதை

குளியலறை மூலையில் தலைகீழாகத் தொங்கும் நீளக்கால் சிலந்தியை லேசாக ஊதிப் பாருங்கள். உடம்பையே விறுவிறுவெனச் சுழற்றும். சற்று நேரத்துக்குக் காலும் உடலும் கலங்கிப் புகைபோலத் தெரியும். இந்தச் சிலந்திகளின் குடும்பம் ஃபோல்சிடே. அந்தப் பெயருக்கு மூலமான பேரினம்தான், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதிதான், ஃபோல்கஸ். 1805இல் பிரெஞ்சு அறிஞர் வால்கனேர் வகுத்தது.

சொல் கிரேக்கம். கிரேக்கக் காப்பியமான இலியட்டின் 2ஆம் காண்டத்தில் தெர்சிட்டீஸ் என்பவனை வருணிக்கும் ஹோமர் அவனை 'ஃபோல்கோஸ்' என்கிறார். பழைய உரையாசிரியர்கள் மாறுகண் என்று பொருள் கொண்டார்கள். பிற்கால அறிஞர்கள் பலரும் கோணக்கால் என்கிறார்கள். சிலந்தியைப் பார்த்த யாரும் இரண்டாவது பக்கமே சாய்வார்கள்: உடல் ஒரு சென்டிமீட்டர்கூட வராது, கால்களோ அதைப்போல ஐந்தாறு மடங்கு.

இதில் பேர்பெற்ற இனம் ஃபோல்கஸ் ஃபலாஞ்சியாய்டிஸ். 1775இல் ஃபியூஸ்லின் விவரித்தது. 'ஃபலாஞ்சியம் போன்றது' என்று பொருள். ஃபலாஞ்சியமும் எட்டு நெடுங்கால் உள்ளதுதான், ஆனால் சிலந்தி அல்ல: உடல் ஒரே உருண்டை, நூலும் நூற்காது. உயிரின வகைப்பாட்டில் அதன் வரிசையே (order) வேறு.

தமிழில் என்ன சொல்வது? ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து 'நிலவறைச் சிலந்தி' என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் வீடுகளில் நிலவறை எங்கே இருக்கிறது? இது குடியிருப்பது உத்தரத்திலும் பரண் மூலையிலும். ஒட்டடைக்கம்பில் சுருண்டு வருவதில் பெரும்பங்கு இதன் வலைதான். ஆகவே குடும்பத்துக்கு 'ஒட்டடைச் சிலந்தி' என்பதே இயல்பு. பேரினப் பெயரை மட்டும் ஃபோல்கஸ் என்றே எழுத வேண்டும். அறிவியல் பெயரை மொழிபெயர்த்தால் எந்த உயிர் என்று தேட முடியாது. இலக்கியச் சாயல் வேண்டுவோருக்குச் 'சிலம்பி' இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலேயே வரும் சொல்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டில் அதிகம் காண்பது ஃபோல்கஸ் அல்ல, அதன் உறவான குராசோபிரைசா லையோனி. 1867இல் பிளாக்வால் அதையும் ஃபோல்கஸ் என்றுதான் பெயரிட்டார். பின்னரே தனிப் பேரினத்துக்குப் போனது. வயிற்றைப் பாருங்கள். ஃபோல்கஸ் ஃபலாஞ்சியாய்டிசுக்கு அது வேர்க்கடலைபோல நீண்டிருக்கும். லையோனிக்குப் பின்புறம் மேலே ஒரு கூம்பு நிற்கும். இரண்டிலும் தாய் முட்டைகளை வாயில் கவ்விச் சுமக்கும். சுற்றியிருக்கும் நூல் அவ்வளவு மெல்லியது. கசகசா போன்ற முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.