புரொஸ்டேட் புற்றுநோய் திரும்பினால்: கதிர்ச் சிகிச்சைக்கு அலைகிறவர்களுக்குச் சில விசயங்கள்

எங்கள் பெரியப்பாவுக்குப் புரொஸ்டேட்டை வெட்டி எடுத்து நாலு வருசம் கழித்து பி.எஸ்.ஏ. (இந்த நோயைக் கவனிக்கப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை எண்) 0.3 என்று வந்தது. கதிர்ச் சிகிச்சை தொடங்கிய அன்று அது 1.9. இடையில் ஏழு மாதம் போயிருந்தது. அந்த ஏழு மாதமும் ஒரு ஆஸ்பத்திரி மற்ற ஆஸ்பத்திரியின் பழைய ரிப்போட்டைக் கேட்டது, மற்றது "கோப்பு தேடவேணும், அடுத்த கிழமை வாங்கோ" என்றது. 74 வயது மனிதர் பஸ்ஸில் போய் வந்ததுதான் மிச்சம். இன்னொருவருக்கு இப்படி நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இலங்கையில் அரச ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை இலவசம். வருமானம் பார்ப்பதில்லை, விதானையாரின் (கிராம சேவகரின்) கடிதமும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கொழும்புப் பக்கம் மகரகமவுக்குப் போனாலும் இதுதான் நிலை. உங்களைக் கட்டிப்போடுவது காசைவிட நேரமும் கடதாசியும்தான்.

சத்திரசிகிச்சை செய்தவருக்கு பி.எஸ்.ஏ. 0.2 அல்லது அதற்கு மேல் வந்து, இரண்டாம் தரம் பார்த்தும் அப்படியே இருந்தால் நோய் திரும்பியதாக எடுப்பார்கள். புரொஸ்டேட் இருந்த இடத்துக்குக் கதிர் கொடுப்பதென்றால் 0.5ஐத் தாண்டுமுன் தொடங்குவது நல்லது. கூடக் கூடப் பலன் குறையும். அதனால் "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று கொப்பியில் எழுதித் தந்தால் எழும்பி வராதீர்கள். இந்த எண்ணுக்குக் காத்திருக்கலாமா என்று டொக்டரிடம் நேரே கேளுங்கள். சிலருக்கு உண்மையிலேயே காத்திருக்கலாம், வயது போனவர், எண் மிக மெதுவாக ஏறுகிறது என்றால் அதுவும் ஒரு முடிவுதான், ஆனால் அதை டொக்டர் எடுக்கவேண்டும், திகதி போடுகிற கிளாக்கர் எடுக்கக்கூடாது.

முதலே கதிர்ச் சிகிச்சை எடுத்தவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு 0.2 என்பதில் ஒன்றுமில்லை. சிகிச்சைக்குப் பிறகு இறங்கிய ஆகக் குறைந்த எண்ணிலிருந்து 2 கூடினால்தான் திரும்பியதாகப் பார்ப்பார்கள். முதல் இரண்டு மூன்று வருசத்துக்குள் எண் சும்மா ஏறி இறங்குவதும் உண்டு, அதைப் பார்த்துப் பயந்து ஹோர்மோன் ஊசி போட ஓடியவர்களையும் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் ஒரே லாபில் பாருங்கள், லாப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.

பெரிய பொறி இவர்களுக்குத்தான். மூத்திரப்பையும் மலக்குடலும் ஏற்கெனவே கதிர் வாங்கியிருப்பதால், அதே இடத்தில் திரும்பக் கொடுப்பது எல்லாருக்கும் சரிவராது. உள்ளுக்குள் வைத்துக் கொடுக்கும் கதிர், சின்ன இடத்துக்கு மட்டும் கூர்மையாகக் கொடுப்பது, சத்திரசிகிச்சை, ஹோர்மோன் சிகிச்சை மட்டும் என்று வழிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்று சொல்வதற்கு, முதல் தரம் எத்தனை கிரே (கதிரின் அளவு), எத்தனை நாள், எந்தப் பகுதிக்குக் கொடுத்தார்கள் என்ற பதிவு வேண்டும். அது இல்லாமல் ஒரு நல்ல டொக்டரும் கை வைக்க மாட்டார். சிகிச்சை முடிகிற அன்றே அந்தச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், கிளினிக் கொப்பியில் எழுதிய இரண்டு வரி போதாது. சத்திரசிகிச்சை செய்தவர் திசுப் பரிசோதனை ரிப்போட்டின் பிரதியை எடுத்து வையுங்கள்.

ஹோர்மோன் ஊசி பற்றி ஒன்று. ஊசி போட்டால் பி.எஸ்.ஏ. இறங்கும், அதற்குப் பிறகு ஸ்கான் எடுத்தால் நோய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகலாம். "ஸ்கான் முதலா, ஊசி முதலா" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். வெளியில் காசு கட்டி எடுக்கச் சொல்லும் ஸ்கான் ஒவ்வொன்றுக்கும், அதன் முடிவு வந்தால் சிகிச்சை மாறுமா என்றும் கேளுங்கள். எண் மிகக் குறைவாக இருக்கும்போது பெற் ஸ்கானிலும் (PET, உடம்பில் நோய் எங்கே என்று தேடும் ஸ்கான்) ஒன்றும் தெரியாமல் போவது சாதாரணம், அதற்காகக் கதிரைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கதிர் பெரும்பாலும் கிழமையில் ஐந்து நாள், ஆறு ஏழு கிழமை. ஊரில் செய்யலாமா மகரகம போகவேண்டுமா என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள், கொழும்பில் ஒன்றரை மாதம் தங்குவதற்குத்தான் நகை அடகுக்குப் போகிறது.

காசு உதவி கேட்டு அலைகிறவர்கள் ஏமாறும் இடம் அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டம். அதில் சிறுநீரக நோயாளருக்கு ஒரு கொடுப்பனவு இருக்கிறது, புற்றுநோய் அதற்குள் வராது. மூத்திரம் சம்பந்தப்பட்ட வருத்தம்தானே என்று யாரோ சொல்ல, படிவம் நிரப்பி மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளர் உதவியைத் தனியாகக் கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கும் இப்போது கொழும்பு போகத் தேவையில்லை, 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். முழுச் செலவும் கிடைக்காது. தனியார் ஆஸ்பத்திரிக்குக் காசைக் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டோடு போகாதீர்கள், செலவு மதிப்பீடு கையில் இருக்கும்போதே போங்கள்.

சரி, பழைய கோப்பு தர மாட்டேன் என்றால்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் இருக்கும் உங்கள் மருத்துவத் தகவலை நீங்களே கேட்கலாம். ஏன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழில் எழுதினால் போதும். நோயாளியால் போக முடியாவிட்டால் அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தைக் கொண்டு போங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கடிதத்தில் பெயர், கிளினிக் இலக்கம், சிகிச்சை எடுத்த வருசம், அப்புறம் "கதிர்ச் சிகிச்சையின் மொத்த அளவு, நாட்களின் எண்ணிக்கை, கொடுத்த பகுதி" என்று பிரித்து எழுதுங்கள். "என் ரிப்போட் தாருங்கள்" என்று மொட்டையாக எழுதினால் மருந்துத் துண்டின் பிரதியைத் தந்து அனுப்பிவிடுவார்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த மேசையை விட்டு வராதீர்கள், பெரியப்பா கொடுத்த முதல் இரண்டு கடிதமும் சீட்டில்லாமல்தான் காணாமல் போனது.