உங்கள் பெயரைத் தேடுகிறவர் யார்?

இணையதளம் கட்டித் தருவது என் தொழில். போன வாரம் என்னிடம் வந்தவர் வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் தொழில் செய்பவர். நாற்காலியில் உட்காரும் முன்பே கைபேசியை என் முன் நீட்டினார். "பாருங்கள் சார், கூகுளில் முதல் ஆளாக நிற்கிறேன். ஆனால் தளம் தொடங்கி ஒரு வருடமாகிறது, ஒரு வாடிக்கையாளர்கூட வரவில்லை." தேடல் பெட்டியில் அவர் தட்டியிருந்தது அவருடைய நிறுவனத்தின் பெயர்.

இதே கைபேசி நீட்டலை இந்த வருடம் எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கை விட்டுவிட்டேன். அந்த அலுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் உங்கள் தளம் வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அந்தப் பெயர் தெரிந்தவர் ஏற்கெனவே உங்களிடம் வேலை கொடுத்தவராக இருப்பார், இல்லையென்றால் உங்கள் விசிட்டிங் கார்டை வாங்கி வைத்திருப்பவர். புதிதாக வர வேண்டியவருக்கு உங்கள் பெயரே தெரியாது. அவர் வீட்டில் இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஈரத்துணியும் அழுக்குத் தண்ணீரும். அவர் தட்டுவது "வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை" என்றுதான். அந்தச் சொற்கள் உங்கள் தளத்தில் எங்காவது இருக்கின்றனவா? இவருடைய முகப்புப் பக்கத்தில் "தரமே எங்கள் தாரக மந்திரம்" இருந்தது. "வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் இலட்சியம்" இருந்தது. கைகுலுக்கும் இரண்டு கோட்டுக்காரர்களின் படம் இருந்தது. வாஷிங் மெஷின் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில், அதுவும் தேடுபொறி எளிதில் படிக்க முடியாதபடி படத்துக்குள் எழுதப்பட்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைபேசியில் தெரிவது ஊருக்கெல்லாம் தெரிவதில்லை. தேடுபவர் எங்கே இருக்கிறார், முன்பு எதையெல்லாம் தேடினார் என்பதைப் பொறுத்து முடிவுகள் மாறும். வரைபடத்தோடு வரும் பட்டியலுக்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்டவர் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. கடைக்குள் உட்கார்ந்துகொண்டு கடையைத் தேடினால் தூரம் பூஜ்யம். அந்த முதலிடத்தைக் கொண்டாடுவது, கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே வணக்கம் சொல்லிக்கொள்வது போல.

உண்மை நிலவரம் வேண்டுமா? தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி இருக்கிறது, இலவசம். எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதையெல்லாம் அது சொல்லும். தளம் கட்டித் தந்தவர் இப்படி ஒன்று இருப்பதாகவே இவரிடம் சொல்லவில்லை. "முதலிடத்துக்கு உத்தரவாதம்" என்று மாதக் கட்டணம் மட்டும் வாங்கியிருக்கிறார். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் எழுதியே வைத்திருக்கிறது. தந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தக் கட்டணத்துக்கு நடந்த வேலையைத் தோண்டிப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நாற்பது சொற்கள், வருபவர் கண்ணில் படாமல் தேடுபொறியை மட்டும் ஏமாற்ற. பக்கத்தின் நிரலுக்குள் தேடல் சொற்களை மறைவாக எழுதி வைக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் பகுதியில் இன்னும் ஒரு மூட்டை. அந்தப் பகுதியை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. செத்துப்போனதற்கு மாதாமாதம் மருத்துவச் செலவு! போதாததற்கு, பலர் பரிந்துரைப்பதுபோல் கூகுளுக்குக் காட்ட, சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து விலைக்கு வாங்கிய இணைப்புகள். இப்படிப்பட்ட இணைப்புகளுக்கு எதிராகக் கூகுள் 2012-இல் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது இந்த வழியில் மேலே ஏறியவர்கள் உருண்டு விழுந்ததை நேரில் பார்த்தவன் நான்.

செய்ய வேண்டியது இதைவிட எளிது, ஆனால் நீங்கள்தான் செய்ய வேண்டும். தொலைபேசியில் வாடிக்கையாளர் முதலில் சொல்லும் வாக்கியத்தை அப்படியே குறித்து வையுங்கள். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். தண்ணீர் வடியவில்லையா, ஃபில்டரில் சட்டைப்பை நாணயமோ நூல்கட்டியோ சிக்கியிருக்கலாம், இப்படித் திறந்து பாருங்கள் என்று எழுதுங்கள். "அதைச் சொல்லிவிட்டால் என்னை யார் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார். நாணயத்தை எடுத்த பிறகும் தண்ணீர் வடியாதவர் கூப்பிடுவார். அப்போது அவர் கையில் திறந்திருப்பது உங்கள் பக்கம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொலைபேசி எண் தொட்டால் அழைப்பு போக வேண்டும். பேனர் படத்துக்குள் அச்சடித்த எண்ணை யார் மனப்பாடம் செய்து தட்டுவார்? கேமராவிலிருந்து எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றாதீர்கள். முக்கியமான உள்ளடக்கம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். இவருடைய தளத்தில் கோட்டுக்காரர்கள் வந்து சேரவே பதினோரு விநாடி. கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் வேலை நேரத்தையும் எண்ணையும் சரிபாருங்கள். உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியது என்றால் அதன் அமைப்புகளில் 'தேடுபொறிகள் வர வேண்டாம்' என்ற டிக் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டும்போது போட்டதை எடுக்க மறந்துவிடுவது எங்கள் தொழிலில் சகஜம். வெட்கத்தோடு சொல்கிறேன், நானே ஒருமுறை மறந்திருக்கிறேன்.

கடைசியாக, இவருடைய தளத்தில் இருந்த தொடர்புப் படிவத்தில் 'சோதனை' என்று எழுதி அனுப்பினேன். 'நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்' என்று வந்தது. அவருடைய மின்னஞ்சலுக்கு எதுவும் வரவில்லை. பழைய வடிவமைப்பாளரிடம் மூன்று முறை பேசிக் கடவுச்சொல் வாங்கினோம். படிவம் போய்ச் சேர்ந்தது, தளம் தொடங்கியபோது உருவாக்கி யாருமே திறக்காத ஓர் அஞ்சல்பெட்டிக்கு. உள்ளே இருபத்தாறு கடிதங்கள். பெரும்பாலும் வண்டியில் எழுதியிருந்த தள முகவரியைப் பார்த்து வந்தவர்களாக இருக்கும். முதல் கடிதம் பத்து மாதப் பழையது: "கைக்குழந்தை இருக்கிறது, இன்று மாலைக்குள் வர முடியுமா?"

மனிதர் வெகுநேரம் பேசவில்லை.

தயவுசெய்து இன்றே உங்கள் படிவத்தை ஒருமுறை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். வேறொருவர் கைபேசியிலிருந்து அனுப்புங்கள். டொமைன், அதாவது உங்கள் தள முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். கேட்டால் தளம் கட்டியவர் தப்பாக நினைப்பாரோ என்று தயங்காதீர்கள், கடை உங்களுடையது.

அவர் கிளம்பும்போது அந்த முதல் கடிதத்தில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். இந்நேரம் அவர்கள் வேறு இயந்திரமே வாங்கியிருப்பார்கள் என்றேன். "இருக்கட்டும் சார், மன்னிப்பாவது கேட்கிறேன்" என்றார்.