மின்னணு பிரெய்லி கருவி: அரசிடம் எப்படிக் கேட்டுப் பெறுவது?

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி உபகரண முகாமுக்குப் போனால் மடக்குக் குச்சியோ, தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லியைக் குத்தி எழுதும் ஸ்லேட்டோ கேட்காமலே கிடைத்துவிடும். பிரெய்லி கற்கவும் தட்டச்சு செய்யவும் உதவுகிற மின்னணுக் கருவி அப்படித் தானாக வருவதில்லை. எந்தத் திட்டத்தில், எந்த நாளில், என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 17-ஆம் பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகங்கள், கற்றல் பொருட்கள், பொருத்தமான உதவிக் கருவிகள் ஆகியவற்றை இலவசமாக வழங்கும் பொறுப்பை அரசின் மீதும் உள்ளாட்சி அமைப்புகளின் மீதும் வைக்கிறது. எனவே பள்ளிப் பிள்ளைக்குக் கருவி கேட்டு மனு எழுதும்போது இந்தப் பிரிவை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். உதவி கேட்கும் மனு வேறு, உரிமை கேட்கும் மனு வேறு.

கருவி வந்து சேரும் முக்கிய வழி, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும், மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் ஏடிஐபி திட்டம். 1981-இலிருந்து நடைமுறையில் உள்ளது. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ, முகாம்கள் நடத்தி உபகரணங்களை வழங்குகிறது. பிரெய்லி எழுதும் இயந்திரங்கள், கணினியோடு இணைக்கும் பிரெய்லி கருவிகள், திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரை வாசிப்பு மென்பொருள் ஆகியவை இத்திட்டத்தின் உபகரணப் பட்டியலிலேயே உள்ளன. ‘அதெல்லாம் இதில் வராது’ என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டியலை எடுத்துக் காட்டலாம்.

தகுதிக்கு முதலில் வேண்டியது யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. ஒரு கண்ணில் முழுப் பார்வையிழப்பு, மறு கண் நலம் என்றால் மதிப்பீடு 30 சதவீதம்தான், 40-ஐ எட்டாது. அவர்களுக்கு இத்திட்டம் பொருந்தாது. அட்டை நீல நிறமானால் 80 சதவீதமும் அதற்கு மேலும், மஞ்சளானால் 40 முதல் 80-க்குள், வெள்ளையானால் 40-க்குக் கீழ். அடுத்தது வருமானம். மாதம் 22,500 ரூபாய் வரை கருவி முழுக்க இலவசம். அதற்கு மேல் 30,000 ரூபாய் வரை பாதி விலை. பெற்றோரைச் சார்ந்திருப்பவர் என்றால் பெற்றோரின் வருமானமே கணக்கு. தமிழ்நாட்டில் வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் வழங்கும். முகாம் அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் நாள் தப்பிவிடும், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அதிகம் பேர் திருப்பி அனுப்பப்படுவது மூன்றாண்டு விதியால்தான், பெரும்பாலும் அதைத் தவறாகப் புரிந்துகொள்வதால். கடந்த 3 ஆண்டுகளில் எந்த வழியிலும் உதவி பெற்றிருக்கக் கூடாது என்பது விதி. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 1 ஆண்டு. ஆனால் அந்த விதியில் ‘அதே நோக்கத்துக்காக’ என்ற சொற்களும் இருக்கின்றன. போன வருடம் வாங்கிய மடக்குக் குச்சி நடமாட்டத்துக்கானது, பிரெய்லி கருவி படிக்கவும் எழுதவும். குச்சி வாங்கியதைக் காரணம் காட்டிக் கருவியை மறுத்தால், இந்தச் சொற்களைச் சுட்டிக்காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள்.

பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் தலைமையாசிரியரிடமும், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் போங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமும் அலிம்கோவும் சேர்ந்து மாணவர்களுக்குத் தனி முகாம் நடத்துகின்றன. கல்லூரி மாணவர்களும் மற்றவர்களும் அணுக வேண்டியது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். முகாம் இரண்டு கட்டமாக நடக்கும்: முதலில் மதிப்பீடு, சில காலம் கழித்து வழங்கல். மதிப்பீட்டு நாளன்று சீட்டில் எது எழுதப்படுகிறதோ அதுதான் வழங்கல் நாளில் வரும். அன்று ‘பிரெய்லி கிட்’ என்று பொதுவாக எழுதிவிட்டால் ஸ்லேட்டும் எழுத்தூசியும் அடங்கிய பை கைக்கு வரும், அதன் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே பிள்ளையின் வகுப்பு, இப்போது பிரெய்லி எந்த அளவுக்குத் தெரியும், எந்த வகைக் கருவி ஏன் தேவை என்பதைச் சிறப்பாசிரியரிடம் அரைப் பக்கக் கடிதமாக வாங்கிக்கொண்டு போங்கள். சீட்டில் கருவியின் வகை எழுதப்பட்டதா என்று பார்த்து, அதைப் படம் எடுத்துக்கொண்ட பிறகே முகாமைவிட்டுக் கிளம்புங்கள். ஒரு கட்டம் என்பது ஒரு பிரெய்லி எழுத்துக்கான புள்ளித் தொகுதி. ஒவ்வொரு உபகரணத்துக்கும் விலை வரம்பு இருப்பதால் 40 கட்டங்கள் கொண்ட பெரிய கருவி இவ்வழியில் கிடைப்பது அரிது. 20 கட்டக் கருவியைக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

எந்த வகையைக் கேட்பது? எழுத்தே தெரியாத சிறு பிள்ளைக்குக் குரலில் சொல்லிக்கொடுத்து, பெரிய புள்ளிகளைத் தடவ வைத்து, தவறைத் திருத்தும் கற்றல் கருவி வேண்டும். பெங்களூரில் உருவான ‘ஆனி’ இந்த வகை. எழுத்து பழகியவருக்கு, புள்ளிகள் எழுந்தும் தாழ்ந்தும் வரியை மாற்றிக் காட்டும் வாசிப்புக் கருவி வேண்டும். ஐஐடி டெல்லி, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களுடன் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட டாட்புக், 20 கட்டங்களும் ஆறு விசைப் பிரெய்லிப் பலகையும் கொண்ட ஒரு வடிவிலும், 40 கட்டங்களும் சாதாரண எழுத்துப் பலகையும் கொண்ட இன்னொரு வடிவிலும் வந்தது. தட்டச்சு பழக வேண்டிய மாணவருக்கு ஆறு விசைதான் சரி. விசைக்கு ஒரு புள்ளி: இடது ஆள்காட்டி விரல் புள்ளி 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3. வலது கையில் அதே வரிசையில் 4, 5, 6. நடுவில் இடைவெளி விசை. ஸ்லேட்டில் வலமிருந்து இடமாகத் தலைகீழாகக் குத்தவேண்டும், இங்கே படிக்கும் வடிவத்திலேயே எழுத்து விழும். முதலில் ஸ்லேட் பழகிய பிள்ளைகள் சில வாரம் 1-ஐயும் 4-ஐயும் மாற்றி அழுத்துவார்கள். அதற்காகத் திட்டாதீர்கள்.

கருவி கைக்கு வந்ததும், வாங்கிய இடத்திலேயே ‘அம்மா’ என்று அடித்துப் பாருங்கள். தமிழ் பிரெய்லியில் இது ஐந்து கட்டம்: அகரத்துக்குப் புள்ளி 1, பிறகு மெய்யின் குறியாகப் புள்ளி 4, அதன்பின் மகரம் இரண்டு முறை 1-3-4, கடைசியில் ஆகாரம் 3-4-5. அச்சில் தலைக்கு மேல் இருக்கும் மெய்ப்புள்ளி பிரெய்லியில் எழுத்துக்கு முன்னால் வரும். உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான். ‘கொ’ என்பதில்கூட ககரம் 1-3 முதலில், ஒகரம் 1-3-4-6 அடுத்தது. கடைசிக் கட்டம் ‘ஏஆர்’ என்ற ஆங்கில எழுத்துகளாக விழுந்தால் கருவி ஆங்கிலச் சுருக்க முறையில் இருக்கிறது. கருவி கெட்டுப்போகவில்லை, அமைப்பில், புள்ளிகளை எழுத்தாக மாற்றும் தமிழ் அட்டவணையைத் தேர்ந்தெடுத்தால் போதும். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரை வாசிப்பானோடு இணைத்தால், அதிலும் வெளிக்காட்டும் அட்டவணை, உள்ளிடும் அட்டவணை என்று இரண்டு தனித்தனியாக உண்டு. ஒன்றை மட்டும் தமிழுக்கு மாற்றிவிட்டு, ‘படிக்க வருகிறது, எழுத வரவில்லை’ என்று குழம்புகிறவர்கள் நிறைய. அமைப்பில் தமிழே இல்லாத கருவியாக இருந்தால், தமிழ்வழி மாணவருக்குப் பயன்படாது என்று அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

பிறகு வரும் பழுதுகளில் பெரும்பாலானவை புள்ளி எழாமல் சிக்கிக்கொள்வது. விரல் வியர்வையும் தூசியும் ஊசித் துளைகளில் படிவதே காரணம். கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடுவது, பயன்படுத்தாதபோது மூடி வைப்பது, ஈரத் துணியால் அழுத்தித் துடைக்காமல் இருப்பது, இவ்வளவுதான் பராமரிப்பு.

கருவி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு போனின் டாக்பேக், ஐபோனின் வாய்ஸ்ஓவர் ஆகிய திரை வாசிப்பான்களில் திரையையே ஆறு விசைப் பலகையாக்கும் வசதி உண்டு. விரல் பழக்கத்துக்கு நல்லது. ஆனால் தடவிப் படிக்க அதில் புள்ளி எழாது, ஆகவே கருவிக்கு மாற்றாக அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கணினி விசைப்பலகையின் எஃப், டி, எஸ், ஜே, கே, எல் விசைகளை ஆறு புள்ளிகளாகப் பயன்படுத்துவதும் உண்டு. மலிவான விசைப்பலகைகள் நான்கைந்து விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒன்றிரண்டைக் கைவிடும். பிள்ளை சரியாக அடித்தும் எழுத்து தப்பாக விழுந்தால் முதலில் விசைப்பலகையைச் சந்தேகியுங்கள்.

மனு மறுக்கப்பட்டால் வாய்மொழியோடு திரும்பாதீர்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு, மறுப்புக்கு எழுத்துப்பூர்வமான காரணம், இவை இரண்டும் கையில் இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. கருவி கிடைத்தவர்கள் வழங்கல் தேதி உள்ள ரசீதையும் கருவியின் வரிசை எண்ணையும் யூடிஐடி அட்டை நகலோடு சேர்த்து வையுங்கள். உத்தரவாதக் காலத்தில் பழுது பார்க்கவும், 3 ஆண்டு முடிந்து அடுத்த கருவிக்கு விண்ணப்பிக்கவும் அதைத்தான் கேட்பார்கள்.