பழைய பாஸ்வேர்டு எங்கெல்லாம் கிடக்கிறது?

"பாஸ்வேர்டைத்தான் அன்றைக்கே மாற்றிவிட்டேனே தம்பி, அப்புறமும் எப்படி என் மெயிலை யாரோ படிக்கிறார்கள்?"

ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இரண்டு வாரத்துக்கு முன்பு அவர் பெயரில், அவருடைய மெயில் முகவரியிலிருந்தே, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது, போனில் பேசும் நிலையில் இல்லை, சீக்கிரம் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று. அவரிடம் படித்த இரண்டு பேர் ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக ஒருவர் போன் செய்து விசாரித்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. உடனே பாஸ்வேர்டை மாற்றினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். ஆனால் அடுத்த வாரம், அவரும் ஒரு பதிப்பாளரும் மெயிலில் பேசி முடிவு செய்திருந்த தொகையைத் துல்லியமாகக் குறிப்பிட்டு, "என் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று பதிப்பாளருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. முகவரியில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். உள்ளே இருந்து படிக்காமல் அந்தத் தொகை வெளியே தெரிய வழியில்லை.

அவருடைய மெயிலின் செட்டிங்ஸை இருவருமாகத் திறந்து பார்த்தோம். மூன்று விஷயங்கள் கிடைத்தன. வருகிற ஒவ்வொரு மெயிலின் பிரதியும் அவர் அறியாத ஒரு முகவரிக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது. "ஹேக்", "இது நீங்கள்தானா", "பணம் அனுப்பினேன்" மாதிரியான சொற்கள் உள்ள மெயில்கள் இன்பாக்ஸுக்கு வராமல் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஃபில்டர் போட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு மறந்தால் உதவுவதற்காகக் கொடுத்து வைக்கும் மாற்று முகவரியும் அவருடையதாக இல்லை. இந்த மூன்றுமே பாஸ்வேர்டை மாற்றினால் போகிறவை அல்ல. பூட்டை மாற்றினாலும் சுவரில் போட்ட ஓட்டை அப்படியே இருக்கும் இல்லையா, அது போலத்தான்.

அவருக்குப் பணம் போனதைவிட வேறொன்று வலித்தது. "நான் எந்த லிங்க்கையும் தொடவில்லை. யாரிடமும் எதையும் சொல்லவில்லை. எல்லோரும் நான் ஏமாந்தேன் என்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது உண்மை. அவர் எதிலும் ஏமாறவில்லை. பல வருடங்களுக்கு முன்பு புகைப்பட ஆல்பம் செய்ய ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கியிருக்கிறார். ஒருமுறை பயன்படுத்திவிட்டு மறந்தும்விட்டார். அந்தத் தளத்தின் பயனர் பட்டியல் பிறகு வெளியே கசிந்தது. அதில் அவருடைய மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் இருந்தன. மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டு.

கணினிப் பாதுகாப்பு வேலையில் இத்தனை வருடங்களில் நான் பார்த்த கணக்குத் திருட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடந்திருக்கின்றன. ஆனாலும் என்னிடம் வருகிறவர்கள் முதலில் சொல்வது, "நான் சாதாரண ஆள், என்னை யார் குறிவைக்கப் போகிறார்கள்?" என்பதைத்தான். உங்களை யாரும் குறிவைப்பதில்லை என்பது சரிதான். அப்படிக் குறிவைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. கசிந்த பட்டியலில் உள்ள மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஜோடி ஜோடியாக எடுத்து, பெரிய தளங்கள் ஒவ்வொன்றிலும் லாகின் செய்து பார்க்க ஒரு புரோகிராமை ஓடவிடுகிறார்கள். எங்கள் தொழிலில் இதை கிரெடென்ஷியல் ஸ்டஃபிங் என்கிறோம். அந்த புரோகிராமுக்கு நீங்கள் பேராசிரியையா, பள்ளி மாணவனா என்றெல்லாம் தெரியாது. எந்த ஜோடி திறக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிறது. அதன் பிறகுதான் ஒரு மனிதர் வந்து, திறந்த கணக்குகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்.

இதில் பெரிய நிறுவனம், சின்ன நிறுவனம் என்ற பேதமும் இல்லை. 2012 ஜூனில் லிங்க்ட்இன் பயனர்களின் பாஸ்வேர்டுகள் சுமார் 65 லட்சம், ஹேஷ் வடிவில், அதாவது நேராகப் படிக்க முடியாதபடி உருமாற்றிய நிலையில், இணையத்தில் வெளியாயின. அவ்வளவுதான் என்று உலகம் மறந்துவிட்டது. 2016 மே மாதம், அதே 2012 திருட்டில் எடுக்கப்பட்ட சுமார் 11 கோடியே 70 லட்சம் மெயில்-பாஸ்வேர்டு ஜோடிகள் விற்பனைக்கு வந்தன. நடுவில் நான்கு வருடங்கள்! அடுத்த மாதமே மார்க் ஸக்கர்பர்க்கின் ட்விட்டர், பின்ட்ரெஸ்ட் கணக்குகளை ஒரு கும்பல் கைப்பற்றியது. லிங்க்ட்இன் பட்டியலிலிருந்துதான் பாஸ்வேர்டை எடுத்தோம் என்று அந்தக் கும்பல் சொன்னது. ஃபேஸ்புக்கை உருவாக்கியவருக்கே இது நடக்கும்போது, ஒரு பேராசிரியையைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பேச்சு, "என் பாஸ்வேர்டை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்." அந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான். பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, ஏ இருக்கும் இடத்தில் அதைச் சுழித்த @ குறியைப் போடுவது, கடைசியில் பிறந்த வருடம் அல்லது ஓர் ஆச்சரியக்குறி. இந்தப் பழக்கம் எல்லோருக்கும் இருப்பதால்தான் இதில் பயனில்லை. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் தானாகவே கணினிக்குக் கணினி பரவிய மோரிஸ் புழு என்ற புரோகிராம், பயனரின் பெயரை நேராகவும் தலைகீழாகவும் போட்டுப் பார்த்து, தன்னிடமிருந்த 432 சொற்களையும் முயன்று பல கணினிகளில் நுழைந்தது. இன்றைக்கு 432 சொற்களோடு யாரும் நிற்பதில்லை. 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருடுபோயின. எந்த மறைப்பும் இல்லாமல், தட்டியது தட்டியபடியே அவர்கள் அவற்றைச் சேமித்து வைத்திருந்தார்கள். அவற்றில் முதலிடம் பிடித்தது 123456. அந்தப் பட்டியல்தான் இன்றுவரை பாஸ்வேர்டு உடைக்கும் மென்பொருள்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. மனிதர்கள் பாஸ்வேர்டை எப்படியெல்லாம் யோசிக்கிறார்கள் என்பது அதற்குள் இருக்கிறது. நம்முடைய சொந்த வழி என்று நாம் நினைப்பதும் அங்கே ஏற்கெனவே பலமுறை பதிவாகியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கட்டாயத்தைப் பல அலுவலகங்களில் பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும், பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் இருந்தே ஆக வேண்டும். இந்த விதிகள் பரவக் காரணம், அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காக பில் பர் என்பவர் 2003-ல் எழுதிய ஒரு வழிகாட்டி. 2017-ல் அவரே தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொன்னார். மனிதர்கள் ஒவ்வொரு முறையும் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்கள். 1 போய் 2, 2 போய் 3. அதே வருடம் நிஸ்ட் தன் வழிகாட்டியையும் மாற்றியது. கசிந்ததாகத் தெரிந்தால் ஒழிய மாற்றச் சொல்லாதீர்கள், சிக்கலைவிட நீளத்துக்கு முக்கியத்துவம் கொடுங்கள், கசிந்த பட்டியல்களில் உள்ள பாஸ்வேர்டுகளை ஏற்காதீர்கள் என்று. இன்னும் பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிர்வாகிகளிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

சரி, ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு என்றால் எப்படி நினைவில் வைப்பது? வைக்க வேண்டாம். நினைவில் வைக்க முயல்வதால்தான் ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுகிறோம். பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைப் பயன்படுத்துங்கள். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரு பெட்டகத்தில் பூட்டி வைக்கும் செயலி அது. அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்தால் போதும். "எல்லாச் சாவியையும் ஒரே பெட்டியில் போட்டால் பெட்டி போய்விடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் நிறுவனத்திடமிருந்து பயனர்களின் பெட்டகப் பிரதிகள் திருடப்பட்டன. பாஸ்வேர்டுகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன, ஆனால் எந்தெந்தத் தளங்கள் என்ற முகவரிகள் அப்படி இல்லை. மாஸ்டர் பாஸ்வேர்டு எளிதாக இருந்தவர்களுக்கு ஆபத்து உண்மையானதுதான். இது தெரிந்தும் நான் மேனேஜரைத்தான் பரிந்துரைக்கிறேன். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்த நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டு இருந்தால், பெட்டகம் திருடுபோனாலும் உடைப்பது மிகவும் கடினம். ஒரே பாஸ்வேர்டை நாற்பது இடத்தில் போட்டவருக்கோ அந்த நாற்பதில் எது கசிந்தாலும் எல்லாமே போச்சு.

மேனேஜரும் ஒத்துவராது என்றால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆமாம், எழுதலாம். பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே பாஸ்வேர்டை எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தொலைதூரத்தில் ஓடும் ஒரு புரோகிராமால் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது. பேராசிரியை தேர்ந்தெடுத்தது நோட்டைத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மெயில். சமூக வலைத்தளம், மருத்துவக் கோப்பு எதுவானாலும் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் புதுப் பாஸ்வேர்டுக்கான லிங்க் பெரும்பாலும் வந்து சேர்வது மெயிலுக்கு. ஆகவே மெயில் கைமாறினால் மற்றவற்றை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை, கேட்டு வாங்கிக்கொள்ளலாம். "அந்த மெயிலில் ஒன்றும் இல்லை, விளம்பரம்தான் வருகிறது" என்று ஒருவர் சொன்னால் எனக்கு உண்மையிலேயே கவலையாகிவிடும். அந்த மெயிலைக் கொடுத்து அவர் எத்தனை கணக்குகள் திறந்திருக்கிறார் என்று அவருக்கே நினைவிருக்காது.

உங்கள் முகவரி எந்தக் கசிவிலாவது இருக்கிறதா என்று பார்க்க, பாதுகாப்பு நிபுணர் டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளம் இருக்கிறது. மெயில் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும். பழைய முகவரி என்றால் ஏதாவது ஒரு கசிவில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் பதற வேண்டாம். அந்தத் தளத்தில் வைத்திருந்த பாஸ்வேர்டு வேறெங்கே இருக்கிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, எதுவும் இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஆனால் போன் எண்ணையே வேறு சிம்முக்கு மாற்றிவிடும் மோசடி உண்டு. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அன்றைய தலைமை நிர்வாகி ஜாக் டோர்சியின் எண்ணை அப்படிக் கைப்பற்றித்தான் அவர் கணக்கிலிருந்தே பதிவுகள் போட்டார்கள். முடிந்தால் 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள். அதிலும் ஒரு குறை உண்டு. போலி லாகின் பக்கத்தில் அந்த எண்ணை நீங்களே தட்டிவிட்டால், அவர்கள் அதே நொடியில் அதை நிஜத் தளத்தில் போட்டு நுழைந்துவிடுவார்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ இதையும் தடுக்கிறது. அது தளத்தின் முகவரியோடு பிணைந்தது என்பதால், முகவரி ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது வேலை செய்யாது. நம் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறாது. மெயில் சேவை பாஸ்கீ தந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு ஏற்கெனவே கைமாறியிருந்தால், அன்று பேராசிரியையின் கணக்கில் நாங்கள் செய்த வரிசையைச் சொல்கிறேன். வேறு நம்பகமான கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினோம். பிறகு, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்தினோம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபார்வர்டு முகவரியையும் ஃபில்டர்களையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு அழித்தோம். புகார் கொடுக்க அந்தப் படம் தேவைப்படும். மாற்று முகவரியையும் போன் எண்ணையும் சரி செய்தோம். கணக்கோடு இணைத்திருந்த செயலிகளின் பட்டியலில் அவருக்குத் தெரியாதவற்றை நீக்கினோம். அதற்குப் பிறகே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை வைத்தோம். மீட்புக் குறியீடுகள் என்று கொடுப்பார்களே, போன் தொலைந்தால் உள்ளே வர உதவுபவை, அவற்றை அச்செடுத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினார். மற்ற தளங்களின் பாஸ்வேர்டுகளை மாற்றி முடிக்க மேலும் இரண்டு நாள் ஆனது.

பணம் அனுப்பிய இரண்டு மாணவர்களுக்கும் அவரே போன் செய்தார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தன் மெயிலின் செட்டிங்ஸைத் திறந்து, அங்கிருந்த ஃபில்டர்களை ஒவ்வொன்றாக அவருக்குப் படித்துக் காட்டினாராம். எல்லாம் அந்த மாணவரே போட்டவைதான்.