தொழில் தொடங்கும் ஆசையும் ஆளுமைப் பண்புகளும்

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஒரே வகுப்பில் படிக்கும் இரு மாணவர்களில் ஒருவர் பட்டம் பெறுவதற்கு முன்பே இணையத்தில் பலகாரம் விற்கத் தொடங்குவதும், மற்றவர் மாதச் சம்பளம் தரும் வேலையையே நாடுவதும் வியப்புக்குரியதன்று. குடும்பத்தின் பண வசதியும் தொடர்புகளும் இவ்வேறுபாட்டை ஓரளவு விளக்குகின்றன. எஞ்சியதை உளவியலாளர்கள் ஆளுமையில் தேடுகிறார்கள்.

புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம் ஆகிய ஐந்து ஆளுமைப் பண்புகளும் ஒவ்வொருவரிடமும் கூடியோ குறைந்தோ இருப்பவை. ஹாவ் சாவ், ஸ்காட் சைபர்ட் என்னும் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, தொழில்முனைவோரிடம் நிறுவன மேலாளர்களைக் காட்டிலும் புதுமை நாட்டமும் பொறுப்புணர்வும் மிகுந்தும், பதற்றமும் இணக்கமும் குறைந்தும் காணப்பட்டன. கலகலப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வாய்ச் சாமர்த்தியமே வணிகத்துக்கு முதல் என்று நம்புவோர் இதைக் கவனிக்கலாம்.

இடர் ஏற்கும் துணிச்சலின் கதை இன்னும் சுவையானது. சாவ், சைபர்ட் இருவரும் லம்ப்கின் என்னும் ஆய்வாளரும் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், துணிச்சல் தொழில் தொடங்கும் எண்ணத்தோடு நன்கு பொருந்தியது. ஆனால் தொழிலில் அடையும் வெற்றியோடு அதற்குத் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, துணிச்சல்காரரை மட்டும் தேடிப் பிடித்து ஊக்குவிக்கும் பயிற்சித் திட்டம் ஆர்வலர்களைப் பெருக்குமே தவிர, நிலைத்து நிற்கும் தொழில்களைப் பெருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

பண்பு நேரடியாக முடிவாக மாறுவதில்லை. உளவியலாளர் ஐசக் அய்சன் 1991-இல் விரிவாக விளக்கிய கோட்பாட்டின்படி, ஒரு செயலைப் பற்றிய மனப்பான்மை, நெருங்கியவர்களின் எதிர்பார்ப்பு, தம்மால் இயலும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே எண்ணத்தை உருவாக்குகின்றன. புதுமை நாட்டம் முதலாவதையும், பொறுப்புணர்வும் பதற்றமின்மையும் மூன்றாவதையும் வலுப்படுத்துகின்றன எனக் கொள்ளலாம். இரண்டாவது, வீட்டைப் பொறுத்தது: கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையும், "முதலில் டாக்டராகு, பிறகு பார்க்கலாம்" என்று கேட்டு வளரும் பிள்ளையும் ஒரே அளவு புதுமை நாட்டம் கொண்டிருந்தாலும் ஒரே முடிவுக்கு வருவார்கள் என எதிர்பார்க்க இயலாது. இணக்கம் மிகுந்தவருக்கு, பெற்றோரின் சொல்லை மீறுவது இன்னும் கடினமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இவற்றுள் பல்கலைக்கழகம் மாற்றக்கூடியது மூன்றாவதான, தம்மால் இயலும் என்ற நம்பிக்கைதான். பிறவிக்குணம் எளிதில் மாறாது. ஆனால் தன்னம்பிக்கை, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா காட்டியபடி, பெரும்பாலும் சொந்த அனுபவத்தில் கிடைக்கும் சிறு வெற்றிகளால் வளர்கிறது. தீபாவளிச் சந்தையில் ஒரு கடை எடுத்து, முதலையும் மீட்டு, கொஞ்சம் லாபமும் கண்ட மாணவருக்கு விரிவுரை மண்டபத்தில் கிடைக்காத ஆதாரம் கையில் கிடைத்துவிடுகிறது.