குடல் ஏற்றம் என்று தட்டுவதற்கு முன்னால்

போன வாரம் மறுபடியும் ஒருவர். 52 வயது, கொத்தனார். சட்டையைத் தூக்கியதும் விளக்கெண்ணெய் வாடை. தொப்புளைச் சுற்றிக் கட்டைவிரல் அழுத்திய இடங்கள் கன்றிப்போயிருந்தன. 4 மாதமாக விட்டுவிட்டு வலி. சாப்பிட்டதும் இழுத்துப் பிடிக்கும், அரை மணியில் விட்டுவிடும். "குடல் ஏத்தம் சார், மூணு தடவை தட்டியாச்சு" என்றார் அவர் மனைவி. எடை குறைந்ததை வெயில் வேலையின் கணக்கில் எழுதிவிட்டார்கள். மலத்தில் ரத்தம் பட்டதை மூலம் என்று நினைத்துவிட்டார்கள்.

சி.டி. ஸ்கேனில் பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு கட்டி. அது சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் இழுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து குடலுக்குள் புகுந்திருந்தது. இதுதான் குடல் செருகல்.

பெயரில்தான் வம்பே. "குடலுக்குள் குடல் ஏறியிருக்கிறது" என்று நான் சொன்னால், "நாங்களும் அதைத்தானே சொன்னோம்" என்கிறார்கள். இல்லை, அது வேறு, இது வேறு. நம் ஊரில் குடல் ஏற்றம் என்பது அஜீரணம், வாயு, தசைப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். அவற்றில் பல தானாகவே அடங்கும், பெயர் எண்ணெய்க்குப் போகும். செருகலில் குடல் மேலே ஏறுவதே இல்லை. முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி தனக்குள்ளேயே மடங்கி நுழையுமே, அப்படி. வெளியிலிருந்து தட்டி அதை எடுக்க முடியாது. ரத்த ஓட்டம் குறைந்து வீங்கிய குடலை அழுத்திப் பிசைவது ஆபத்து.

"இதே செருகல் வந்த குழந்தைக்கு ஆபரேஷன் இல்லாமல் சரியானதே?" என்று கேட்பார்கள். ஆமாம். ஆனால் அதைச் சரிசெய்தது ஆஸ்பத்திரியில், ஸ்கேனிலோ எக்ஸ்ரேயிலோ பார்த்துக்கொண்டே ஆசனவாய் வழியாகச் செலுத்திய காற்றோ சலைனோதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு உள்ளே கட்டி எதுவும் இருக்காது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, குடலை இழுத்துச் செல்ல ஏதோ ஒன்று இருக்கும். சிறுகுடலில் என்றால் பெரும்பாலும் கொழுப்புக் கட்டி, பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதை) போன்ற சாதுவான சமாச்சாரம். பெருங்குடலில் என்றால் பாதிக்குப் பாதி புற்றுநோய். அதை உள்ளேயே விட்டுவிட்டுக் குடலை மட்டும் நேராக்கி என்ன பயன்?

அதனால்தான் பெருங்குடல் செருகலை நாங்கள் பொதுவாக இழுத்துப் பிரிப்பதில்லை. செருகிய அந்தப் பகுதியை அப்படியே, நெறிக்கட்டிகளோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் இணைப்போம். சிறுகுடலில், குடல் உயிரோட்டமாக இருந்து புற்றுநோய்ச் சந்தேகமும் இல்லையென்றால், மெதுவாகப் பிரித்து, தேவையான அளவு மட்டும் வெட்டுவோம். அப்புறம், எல்லோரும் பயந்து கேட்கும் அந்தப் "பை", அதாவது மலம் வெளியேற வயிற்றில் ஒட்டும் பை. பலருக்குத் தேவைப்படாது. குடல் அழுகி, உடல்நிலை மோசமாகி வருபவர்களுக்குத்தான் பெரும்பாலும் வைக்க வேண்டியிருக்கும். தாமதம்தான் பையைக் கொண்டுவருகிறது.

வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் சிறுகுடலில் சின்னச் செருகல் என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். கட்டியும் அடைப்பும் இல்லாவிட்டால் பெரும்பாலும் அது தானாகவே விலகிவிடும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துக் கத்தியை எடுக்கக் கூடாது என்று ஜூனியர்களுக்கும் சொல்வதுண்டு.

வலி வாரக்கணக்கில் வந்து வந்து போனால் மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கி ஓட்டாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பேதி மருந்து கொடுக்கவே கொடுக்காதீர்கள். பழைய ஸ்கேன் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஊரில் வயிறு தட்டிவிடும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கையை நம்பித்தான் முதலில் வருகிறார்கள். எண்ணெயைத் தொடும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்: வாந்தி உண்டா? மலத்தில் ரத்தம் பட்டதா? இதே வலி முன்னாலும் வந்ததா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் வயிற்றில் கை வைக்காமல் எங்களிடம் அனுப்பிவிடுங்கள் அம்மா.